ஏ9 வீதியில் போனவர்களுக்கு வன்னி ஏன் தெரியவில்லை

மதுரையிலிருந்து நண்பர்கள் நால்வராக வந்து, வான் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, காலியிலிருந்து பருத்தித்துறை வரை மூன்று வாரம் இலங்கையைச் சுற்றியிருக்கிறீர்கள். ஒரு வருடம் கழித்து அந்தப் பயணத்தை எழுத உட்கார்ந்தபோது மலையகமும் தென்கரையும் அநுராதபுரமும் யாழ்ப்பாணமும் காட்சி காட்சியாக ஞாபகம் வந்ததாம். யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 நெடுஞ்சாலையில், வவுனியாவுக்கும் ஆனையிறவுக்கும் இடையில், குடாநாட்டுக்குத் தெற்கே கிடக்கும் வன்னி நிலத்தில் மட்டும் எழுத எதுவும் அகப்படவில்லையாம். நேரான வீதி, இரண்டு பக்கமும் பற்றைக்காடு, இராணுவ முகாம்கள், தேங்காய் உடைக்கிற ஒரு சின்னப் பிள்ளையார் கோயில், இரண்டு போர் நினைவுச்சின்னங்கள். அவ்வளவுதான். "வன்னி, வன்னி என்று எவ்வளவோ கேள்விப்பட்டிருக்கிறோம். அங்கே உண்மையிலேயே ஒன்றும் இல்லையா, இல்லை எங்களுக்குத்தான் பார்க்கத் தெரியவில்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வன்னியில் பார்க்க என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி என்றால் இடங்களின் பெயரை வரிசையாகச் சொல்லிவிட்டுப் போகலாம். நீங்கள் கேட்பது அதுவல்ல என்று எனக்குப் படுகிறது. பயணக்கதையில் "வன்னி ஒரு வெறுமையான நிலம்" என்று எழுதலாமா, அது உண்மையாக இருக்குமா என்பதுதான் உங்கள் மனதில் இருக்கிறது. இருக்காது. நீங்கள் கண்டது பொய்யில்லை, ஆனால் அந்த வீதியிலிருந்து அது மட்டும்தான் தெரியும். ஏன் அப்படி என்பதைச் சொல்கிறேன்.

நான் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி மூன்று மாவட்டங்களிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். குளம், கட்டு, துருசு (குளத்து மதகு), வாய்க்கால், மண், மழை பற்றி நான் சொல்வதை நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். வரலாறு என் படிப்பு அல்ல. அங்கே எது உறுதி, எது இன்னும் வாதத்தில் இருக்கிறது என்று பிரித்துச் சொல்வேன். போரைப் பற்றி, அதற்குள் வாழ்ந்த ஒருவன் என்ற அளவில் மட்டும் பேசுவேன்.

முதலில் நிலத்துக்கு அடியில் இருப்பதைப் பார்ப்போம். யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். மழைத்தண்ணீர் அதன் வெடிப்புகளுக்குள் இறங்கித் தங்கிவிடும், கிணறு வெட்டினால் கிடைக்கும். அதனால்தான் அங்கே சனம் ஒழுங்கை ஒழுங்கையாக, வேலிக்கு வேலி நெருக்கமாக வாழ முடிந்தது. ஆனையிறவுக்குத் தெற்கே, பரந்தன், பூநகரிப் பக்கம் அந்தச் சுண்ணாம்புக்கல் கொஞ்சத் தூரம் தொடர்ந்துவிட்டு மறைந்துவிடும். அதற்குப் பிறகு வன்னியின் பெரும்பகுதிக்கு அடியில் இருப்பது மிகப் பழைய கடும்பாறை. அந்தப் பாறைத் தொகுதிக்குப் புவிச்சரிதவியலாளர்கள் வைத்திருக்கும் பெயரே வன்னித் தொகுதி. அது தண்ணீரைப் பெரிதாகப் பிடித்து வைக்காது. மழையோ ஆண்டுக்கு 1,250 மில்லிமீற்றர் அளவில்தான், அதிலும் பெரும்பங்கு ஒக்டோபர் தொடங்கி ஜனவரிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். அந்தத் தண்ணீரை மறித்து வைத்தால்தான் மிச்ச மாதங்களுக்குச் சீவியம். ஆகவே வன்னி ஊர்கள் தண்ணீர் மறிக்கக்கூடிய பள்ளங்களைத் தேடிப் போய் அமர்ந்தன. வீதியைத் தேடி வரவில்லை.

வவுனியா நகரம் கடல்மட்டத்திலிருந்து நூறு மீற்றர் அளவு உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து நிலம் மிக மெல்லச் சரிகிறது. கனகராயன் ஆறு வடக்கே ஓடி இரணைமடுவுக்கு வருகிறது. பாலியாறும் பறங்கியாறும் மேற்கே மன்னார்ப் பக்கத்துக் கடலுக்குப் போகின்றன. பேராறு கிழக்கே முல்லைத்தீவுப் பக்கம் போகிறது. வீதியும் அதை ஒட்டிய ரயில்பாதையும் பெரும்பாலும் மேட்டு நிலத்தைப் பிடித்தே போகின்றன. அப்படிப் போட்டால் பாலங்கள் குறைவு, வெள்ளம் குறுக்கே வராது. எந்தப் பொறியியலாளரைக் கேட்டாலும் அதைத்தான் செய்வார். மாட்டின் முதுகுத்தண்டில் ஊர்ந்து போகிற எறும்புக்கு மடி தெரியாது. ஏ9இல் போகிறவருக்கு வன்னியும் அப்படித்தான்.

அந்த மேட்டிலிருந்து கிழக்கோ மேற்கோ ஒரு கிறவல் றோட்டில் இறங்கினால்தான் ஊர் எப்படி அமைந்திருக்கிறது என்பது புரியும். முதலில் குளத்தின் அலைகரை வரும், மாடுகள் மேயும், மழைக்காலத்தில் தண்ணீர் அதுவரை ஏறும். பிறகு குளக்கட்டு. கட்டில் ஒரு மருதமரமோ ஆலமரமோ நிற்கும், அதன் கீழே ஐயனார் இருப்பார், சில இடங்களில் ஒரு சூலமும் இரண்டு கல்லும் மட்டும். கட்டுக்குக் கீழே துருசு, அதிலிருந்து வாய்க்கால், வாய்க்காலுக்கு இரு பக்கமும் வயல். வயலுக்குச் சற்று ஒதுங்கிய மேட்டில் வீடுகள். மேல் குளம் வான் பாய்ந்தால், அதாவது நிறைந்து வழிந்தால், அந்தத் தண்ணீர் கீழ்க்குளத்துக்கு வரும், அது நிறைந்தால் அதற்கும் கீழே. இப்படி ஒன்றன் கீழ் ஒன்றாகக் குளங்கள் தொடுத்திருக்கும். ஒரு குளத்தின் கட்டு உடைந்தால் அடுத்த ஊர்க்காரனுக்கும் பயம் பிடிப்பது அதனால்தான். புழுதி பறக்கிற அந்தத் திரும்பல் ஒவ்வொன்றுக்குள்ளும் இப்படி ஓர் ஊர் இருக்கிறது. நீங்கள் மணிக்கு எழுபது கிலோமீற்றர் வேகத்தில் அவற்றைக் கடந்து போயிருப்பீர்கள்.

இன்னொன்று, நீங்கள் வந்தது ஓகஸ்ட். நல்லூர்த் திருவிழாவையும் பார்க்கலாம் என்று அந்த மாதத்தைத் தெரிந்தெடுத்ததாகச் சொல்லியிருக்கிறீர்கள், அது நல்ல எண்ணம்தான். ஆனால் வன்னியைப் பார்க்க அதைவிடக் கடினமான மாதம் இல்லை. கோடைப் பயிரான சிறுபோகம் அறுவடைக்கு வந்துவிடும் அல்லது முடிந்துவிடும், குளங்கள் அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும், சின்னக் குளங்களில் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். காற்றும் புழுதியும். இதே வீதியில் ஜனவரி கடைசியில் வந்து பாருங்கள். மாரிப் பயிரான காலபோக நெல் கதிர் தள்ளி நிற்கும், குளங்கள் நிரம்பி வான் பாயும், வீதியோரக் கிடங்குகளில்கூட ஆம்பல் பூத்திருக்கும். அநுராதபுரத்தையும் காலியையும் எந்த மாதம் பார்த்தாலும் அதிகம் மாறாது. வன்னி அப்படியல்ல. எப்போது வந்தீர்கள் என்பதைச் சொல்லாமல் வன்னி எப்படி இருந்தது என்று சொல்ல முடியாது.

இரணைமடுவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உங்கள் வான் அதன் வாசலைத் தாண்டித்தான் போயிருக்கிறது. முறிகண்டி தாண்டி கிளிநொச்சி நகரத்துக்கு வருமுன் இரணைமடுச் சந்தி வரும், அங்கிருந்து கிழக்கே சில கிலோமீற்றர். வன்னியின் பல பெரிய குளங்கள் காடு மூடிக் கிடந்த பழைய கட்டுகளைத் திருத்தி எடுத்தவை. இரணைமடுவோ பிரித்தானியர் காலத்தில் திட்டமிட்டுக் கட்டப்பட்ட குளம். 1885இல் ஹென்றி பார்க்கர் என்ற நீர்ப்பாசனப் பொறியியலாளர் அதற்கான யோசனையை வரைந்தார். 1902இல் வேலை தொடங்கி 1920இல் முடிந்தது. பிறகு பல முறை கட்டை உயர்த்தியிருக்கிறார்கள். இப்போது முழுக் கொள்ளளவில் 36 அடி தண்ணீர் நிற்கும். அதை நம்பி 20,000 ஏக்கருக்கு மேல் வயல் இருக்கிறது. கிளிநொச்சி என்ற நகரமே அந்தக் குளத்தால் உண்டானது. 1930களில் குடியேற்றத் திட்டங்களில் காடு வெட்டிக் காணி கொடுத்தார்கள், யாழ்ப்பாணத்திலிருந்து சனம் வந்தது, சந்தையும் நெல் ஆலைகளும் பின்னால் வந்தன. 1984இல் அது தனி மாவட்டமாயிற்று. நீங்கள் வீதியில் கண்ட வங்கிகள், கடைகள், பள்ளிக்கூடங்கள் எல்லாவற்றுக்கும் பின்னால் அந்தக் குளக்கட்டு இருக்கிறது.

காலபோகம் மழையை நம்பியது, குளம் அதற்குத் துணை. சிறுபோகத்துக்குத்தான் குளத்துத் தண்ணீர் முழுவதும் போகும், எல்லா வயலுக்கும் அது காணாது. அதனால் ஒவ்வொரு ஆண்டும் சிறுபோகத்துக்கு முன்னால் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், மாவட்டச் செயலாளர் தலைமையில் கூட்டம் நடக்கும். குளத்தில் எத்தனை அடி நிற்கிறது, ஆவியாகப் போவது எவ்வளவு, எத்தனை ஏக்கருக்குத் தாங்கும் என்று பொறியியலாளர் கணக்கு வைப்பார். விவசாயிகளின் சங்கமான கமக்கார அமைப்புக்காரர் அதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். இன்னும் ஆயிரம் ஏக்கருக்குக் காணும் என்பார் ஒருவர், கடைமடையில் காணி உள்ளவர் எழும்பி, போன முறை எங்கள் வாய்க்காலுக்குக் கடைசித் தண்ணீர் வரவேயில்லை என்பார். விதைப்பு எந்தத் திகதிக்குள் முடிய வேண்டும், எந்த நாளோடு துருசு பூட்டப்படும், எந்தப் பகுதிக்கு நெல், எந்தப் பகுதிக்கு உழுந்து பயறு மட்டும் என்றெல்லாம் அங்கேதான் தீர்மானிப்பார்கள். குரல்கள் உயரும், சிலர் வெளியே போய்விட்டுத் திரும்பி வருவார்கள், கடைசியில் ஒரு முடிவு எழுதப்படும். வன்னி மனிதர்களை அறிய வேண்டுமென்றால் எந்தக் கோயில் திருவிழாவையும்விட நான் இந்தக் கூட்டத்தைத்தான் காட்டுவேன். போர் நின்று சனம் திரும்பி வந்து, பாதி வீடுகளுக்குக் கூரை இல்லாத காலத்திலும் இந்தக் கூட்டத்துக்கு மண்டபம் நிறைய ஆட்கள் வந்தார்கள்.

இந்தக் குளத்துத் தண்ணீரைக் குடிநீராக யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகும் திட்டம் ஒன்று வந்தபோது பெரிய பிரச்சினை எழுந்தது. கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். யாழ்ப்பாணத்தின் தேவை பொய்யில்லை, அங்கே கிணறுகளில் உரத்திலிருந்து இறங்கிய நைத்திரேற்று கூடிவிட்டது. ஆனாலும் வறட்சி ஆண்டுகளில் குளம் சிறுபோகத்துக்கே கைவிடுவதைக் கண்ணால் கண்டவன் என்ற வகையில் விவசாயிகளின் பயம் நியாயமானது என்பதுதான் என் கருத்து. யாழ்ப்பாணத்தில் உள்ள என் நண்பர்கள் இதை ஏற்பதில்லை. பிறகு தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் கட்டி 2024 ஓகஸ்டில் திறந்தார்கள். வாதம் அதோடு தணிந்திருக்கிறது.

சரி, நீங்கள் "பற்றைக்காடு" என்று எழுதியதற்கு வருகிறேன். அது எல்லாம் ஒரே காடு அல்ல. பாலை, வீரை, முதிரை, கருங்காலி முதிர்ந்து நின்றால் அது பழைய காடு. அவை வளர இரண்டு மூன்று தலைமுறை எடுக்கும். நாயுண்ணியும் சூரையும் ஈச்சையும் அடர்ந்து, பெரிய மரமே இல்லாமல் கிடந்தால் அந்த நிலத்தில் ஒரு காலத்தில் கத்தி விழுந்திருக்கிறது. காட்டுக்கு நடுவே தனியாக ஒரு புளியமரமும் அருகில் ஒரு மாமரமும் நின்றால் அங்கே வீடு இருந்தது, தேடினால் கிணறும் கிடைக்கும். குளம் திருத்த அளவெடுக்கப் போகும்போது நாங்கள் முதலில் தேடுவது இந்த அடையாளங்களைத்தான். ஏ9 ஓரத்தில் நீங்கள் கண்டதில் பெரும்பகுதி இரண்டாவது வகை. போர்க்காலத்தில் பாதுகாப்புக்கென்று வீதியின் இரு மருங்கும் பெருங்காட்டை வெட்டினார்கள், பிறகு வீதியை அகலமாக்கிக் காபெட் போட்டபோதும் மரங்கள் போயின. இப்போது நிற்பது அதற்குப் பிறகு முளைத்தது. பழைய வன்னிக் காடு வீதியிலிருந்து பின்வாங்கிவிட்டது. ஜூன், ஜூலையில் வந்தால் பாலைப்பழத்தைக் கோப்பையால் அளந்து வீதியோரத்தில் விற்பார்கள். விற்பவரிடம் எங்கே பறித்தது என்று கேளுங்கள், எவ்வளவு உள்ளே போக வேண்டியிருக்கிறது என்று சொல்வார்.

சனம் குறைவு என்று உங்களுக்குத் தோன்றியது சரியான கணிப்பு. யாழ்ப்பாண மாவட்டம் ஆயிரம் சதுர கிலோமீற்றர் அளவுதான், 2012 கணக்கெடுப்பில் அங்கே ஐந்தரை லட்சத்துக்கு மேல். முல்லைத்தீவு மாவட்டம் அதைப்போல இரண்டரை மடங்கு பெரியது, சனமோ ஒரு லட்சத்துக்கும் கீழே. இதற்குப் போர் மட்டும் காரணம் அல்ல. வன்னி நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பும் சனம் குறைந்த நாடுதான். ஏன் அப்படி ஆயிற்று என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஒல்லாந்தர் காலப் போர்களும் வரிகளும் என்பார் சிலர், குளங்கள் உடைந்து கைவிடப்பட்டதுதான் முதல் காரணம் என்பார் சிலர். காய்ச்சலின் பங்கை மட்டும் யாரும் மறுப்பதில்லை. உடைந்த குளங்களில் தேங்கிய தண்ணீரில் நுளம்பு பெருகியது, மலேரியா ஊர்களைத் தின்றது. வன்னிக்கு மாற்றலாகிப் போகிற அரசாங்க உத்தியோகத்தரின் வீட்டில் செத்தவீடு போல அழுத காலம் என்று எங்கள் பாட்டிமார் சொல்வார்கள். 1940களின் பிற்பகுதியில் டீடீடீ என்ற நுளம்பு மருந்து அடிக்கத் தொடங்கிய பிறகுதான் குடியேற்றங்கள் வேர்பிடித்தன. அந்த மலேரியா இல்லாத நாடென்று இலங்கைக்கு உலக சுகாதார நிறுவனம் 2016இல் சான்று கொடுத்தது.

வந்து குடியேறியவர்களும் ஒரே வகையினர் அல்லர். காணி கிடைத்த யாழ்ப்பாணத்தவர் ஒரு பங்கு. 1958, 1977 கலவரங்களுக்குப் பிறகு தெற்கிலும் மலையகத்திலும் எல்லாவற்றையும் இழந்து வந்த தமிழர் இன்னொரு பங்கு. வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளில் காடு வெட்டி, பாம்புக்கும் யானைக்கும் நடுவில், சின்னக் குளங்களின் கீழ் வாழ்வைத் தொடங்கியவர்கள் அவர்கள். பிறகு 1995 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் பகுதி முழுவதும் ஓரிரவில் இடம்பெயர்ந்தபோது பெருந்தொகையான மக்கள் வன்னிக்கு வந்தார்கள். ஆக, அந்தக் காட்டுக்குள் இருக்கிற ஒரு சின்ன ஊரில் நுவரெலியாப் பேச்சையும் யாழ்ப்பாணப் பேச்சையும் வன்னிப் பழங்குடிகளின் பேச்சையும் ஒரே தேத்தண்ணிக் கடையில் கேட்கலாம். மலையகத்திலிருந்து வந்தவர்களுக்குக் காணி உறுதியும் வாய்க்கால் தண்ணீரும் மற்றவர்களுக்குக் கிடைத்த அளவுக்குக் கிடைக்கவில்லை. அதை இங்கே பலர் பேச விரும்புவதில்லை, நான் பேசாமல் விடமாட்டேன்.

இனி வீதியின் கதை. நீங்கள் இரண்டு மணித்தியாலத்துக்குள் ஓடி முடித்த அந்த 90 கிலோமீற்றர் சொச்சத்தை எங்களில் பலர் ஆண்டுக்கணக்காகக் கடக்க முடியாமல் இருந்தோம். 1990இல் யாழ்தேவி ரயில் நின்றது, வீதியும் அடைபட்டது. யாழ்ப்பாணத்துக்குப் போக வேண்டியவர்கள் கிளாலிக் கடல்நீரேரியை இரவில் படகில் கடந்தார்கள். 1997 மேயில் இந்த வீதியைப் பிடிப்பதற்கென்றே இராணுவம் ஜெயசிக்குறு நடவடிக்கையைத் தொடங்கியது. ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் என்று நீங்கள் மைல்கல்லில் வாசித்துப் போன பெயர்கள் ஒவ்வொன்றும் அப்போது போர்முனை. 2002 ஏப்ரலில், போர்நிறுத்த உடன்பாட்டுக்குப் பிறகு வீதி திறந்தது. ஓமந்தையிலும் முகமாலையிலும் சோதனைச்சாவடிகள், நடுவில் செஞ்சிலுவைச் சங்கத்தார். 2006 ஓகஸ்டில் மறுபடி மூடப்பட்டது. 2009 ஜனவரியில் கிளிநொச்சி இராணுவத்தின் கைக்குப் போனது, மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. ரயில் கட்டங்கட்டமாகத் திரும்பி 2014 ஒக்டோபரில்தான் மீண்டும் யாழ்ப்பாணம் வரை போனது. நான் இதுவரை சொன்ன திகதிகளில் சந்தேகமில்லை. மூன்று லட்சத்துக்குக் கிட்டிய மக்கள் செட்டிகுளம் மெனிக் பாமிலும் மற்ற முகாம்களிலும் அடைக்கப்பட்டதும், மெனிக் பாம் 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டதும் உறுதியானவை.

எத்தனை பேர் இறந்தார்கள் என்பதில்தான் உடன்பாடு இல்லை. ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல், பொதுமக்களின் இறப்பு 40,000 வரை இருக்கக்கூடும் என்றது. இலங்கை அரசாங்கம் அதை ஏற்கவில்லை. மன்னார் ஆயராக இருந்த இராயப்பு யோசேப் ஆண்டகை அதே ஆண்டு ஜனவரியில் அரச ஆணைக்குழுவின் முன் 146,679 பேருக்குக் கணக்கு இல்லை என்று சொன்னார். இந்த இரண்டையும் ஒன்றோடொன்று போட்டுக் குழப்ப வேண்டாம். முதலாவது இறந்தவர்களைப் பற்றிய மதிப்பீடு. இரண்டாவது, வன்னியில் இருந்ததாகக் கச்சேரிப் பதிவுகள் காட்டிய சனத்தொகைக்கும் வெளியே வந்ததாகப் பதிவான தொகைக்கும் இடையிலான வித்தியாசம். நீங்கள் எழுதும்போது ஏதாவது ஓர் எண்ணைப் போடுவதானால் யார் சொன்னது, எதைப் பற்றிச் சொன்னது என்பதையும் சேர்த்துப் போடுங்கள். எங்களுக்கு அது முக்கியம்.

நீங்கள் படம் எடுத்த இரண்டு நினைவுச்சின்னங்கள் கிளிநொச்சியிலும் ஆனையிறவிலும் இராணுவத்துக்காக எழுப்பப்பட்டவை. அவற்றைப் பார்த்ததில் பிழையில்லை. ஆனால் கிளிநொச்சியில் அதே வீதியோரம், கந்தசுவாமி கோயிலடியில், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடர்போராட்டம் தொடங்கி உட்கார்ந்தார்கள். கையில் பிள்ளைகளின் படம். பல தாய்மார் பதில் தெரியாமலே இறந்துவிட்டார்கள். பெரிய சின்னங்களுக்கு நிறுத்துவதற்கு இடம் இருக்கிறது, பலகை இருக்கிறது. தாய்மாருக்கு அவை இல்லை. வானில் போகிறவர் கண்ணில் எது படுகிறது என்பதை இப்படியும் சிலர் தீர்மானிக்கிறார்கள்.

முறிகண்டிப் பிள்ளையாரை ஒரு வரியில் தாண்டியிருக்கிறீர்கள். சின்னக் கோயில்தான். ஆனால் அந்த வழியே போகிற லொறிக்காரர், பஸ்காரர் எந்தச் சமயமானாலும் இறங்கித் தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, கச்சான் (நிலக்கடலை) வாங்கிக்கொண்டுதான் வண்டியை எடுப்பார்கள். வீதி மூடியிருந்த காலத்தில் அந்தக் கச்சான் கடைக்காரர்கள் என்ன ஆனார்கள் என்று விசாரித்திருந்தால் உங்களுக்கு ஓர் அத்தியாயம் கிடைத்திருக்கும்.

மறுபடி வருவதாக இருந்தால் மாங்குளத்தில் திரும்புங்கள். கிழக்கே போகிற வீதியில் ஒட்டுசுட்டான் வரும், தான்தோன்றீசுவரர் கோயில் அங்கே. அதற்கு அருகே கற்சிலைமடுவில் ஒரு நினைவுக்கல். வன்னியின் சிற்றரசன் பண்டாரவன்னியன் 1803 ஓகஸ்ட் 25இல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிப் பிடித்ததும், ஒக்டோபர் 31இல் வொன் டிறிபேர்க் என்ற வெள்ளைக்கார அதிகாரியிடம் இந்த இடத்தில் தோற்றதும் பதிவில் உள்ளவை. அங்கேயே இறந்தாரா, காயத்தோடு தப்பிப் பனங்காமப் பக்கம் போய்ப் பல ஆண்டு கழித்து இறந்தாரா என்பது வாதத்தில் இருக்கிறது. ஊரில் சொல்வதும் எழுதி வைத்ததும் இந்த இடத்தில் பிரிகின்றன. பக்கத்தில் பேராற்றை மறித்த முத்தையன்கட்டுக் குளம் இருக்கிறது, கட்டில் ஏறி ஒரு மணித்தியாலமாவது நில்லுங்கள். பிறகு முள்ளியவளை, வற்றாப்பளை. வைகாசி விசாகப் பொங்கலுக்கு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலில் கூடுகிற சனத்தைப் பார்த்தவர் வன்னியில் ஆள் இல்லை என்று சொல்லமாட்டார். சிலாவத்தைக் கரையில் எடுத்து வந்த கடல்நீரை ஊற்றி விளக்கு எரிப்பது அங்கே வழக்கம். அதை நான் விளக்கப் போவதில்லை, நம்பிக்கையுள்ளவர்களோடு நின்று பாருங்கள். முல்லைத்தீவிலிருந்து வட்டுவாகல் பாலத்தால் நந்திக்கடலைக் கடந்தால் முள்ளிவாய்க்கால், புதுக்குடியிருப்பு, விசுவமடு என்று பரந்தனில் வந்து ஏ9ஐத் தொடலாம்.

மேற்கே திரும்பினால் மல்லாவி, துணுக்காய் வழியாக வெள்ளாங்குளம். வழியில் சற்று விலகினால் பாலியாற்றை மறித்த வவுனிக்குளம், 1950களில் திருத்தி எடுத்தது. அதன் பழைய கட்டை முதலில் கட்டியது யார் என்று தமிழரும் சிங்களவரும் சண்டை பிடிப்பார்கள். பழைய கட்டும் கற்களும் இருந்தது உண்மை, கட்டிய மன்னன் பெயர் அந்தக் கற்களில் இல்லை. வெள்ளாங்குளத்திலிருந்து கரையோர வீதியில் முழங்காவில், பூநகரி, 2011இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலம் வழியாக யாழ்ப்பாணம் போய்விடலாம். எனக்கு இந்த மேற்கு வழிதான் கூடுதலாகப் பிடிக்கும். ஆனால் முதல்முறை வருகிறவரை நான் கிழக்கேதான் அனுப்புவேன்.

சில எச்சரிக்கைகள். மிதிவெடிச் சிவப்புப் பலகை உள்ள இடத்தில் வீதியை விட்டு ஓர் அடியும் வைக்காதீர்கள், ஒதுங்குவதற்கும்கூட. முகமாலைப் பக்கம் வெடியகற்றும் வேலை ஆண்டுக்கணக்காக நடந்தது. நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் வீதிகளில் பொழுதுபட்டால் யானை நிற்கும், விளக்கை அடிக்காமல், ஹோர்ன் போடாமல் பின்னுக்கு எடுங்கள். முகாம்களைப் படம் எடுக்க வேண்டாம், சங்கடம் உங்களோடு பேசிக்கொண்டிருந்த ஊர்க்காரருக்கு வரும். ஆட்களிடம் போரைப் பற்றி நீங்களாகத் தொடங்காதீர்கள். குளத்தில் இப்போது எத்தனை அடி நிற்கிறது, இந்தமுறை என்ன நெல் போட்டீர்கள் என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத வன்னிக்காரனை நான் கண்டதில்லை. மற்றது அவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று பட்டால் சொல்வார்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

உங்கள் பயணக்கதையில் அந்த ஒரு வரியை மட்டும் மாற்றுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். "ஓகஸ்டில் போனோம், வவுனியாவிலிருந்து ஆனையிறவு வரை ஏ9ஐ விட்டு இறங்கவில்லை" என்று எழுதிவிட்டு, நீங்கள் கண்டதை அப்படியே போடுங்கள், ஒன்றையும் கூட்ட வேண்டாம். மறுபடி வரும்போது ஜனவரி கடைசியைப் பாருங்கள், தைப்பொங்கல் கழிந்து அறுவடை தொடங்குமுன். மாங்குளத்தில் காலை எட்டு மணிக்கு முன்னர் திரும்பினால் முத்தையன்கட்டிலும் வற்றாப்பளையிலும் அவசரமில்லாமல் நின்று, பொழுதுபடுமுன் முல்லைத்தீவுக்குப் போய்விடலாம். இரவு அங்கே தங்க விடுதிகள் இருக்கின்றன.